டிரான்ஸ்போஸ் பொத்தானின் மேல் ஒரு கறுப்பு டேப்

1

ஹெலன் கறுப்பு டேப்பில் விரல் நீளத்துக்குக் கிழித்தார். என் கீபோர்டின் இடப்பக்க மூலையில் இருந்த ஒரு பொத்தானின் மேல் ஒட்டி, நகத்தால் இரண்டு தரம் அழுத்திவிட்டார். வயர் சுற்றும் சாதாரண டேப்தான். ஒட்டி முடித்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் கீபோர்ட் வாசிப்பையும் இசைத் தொழில்நுட்பத்தையும் சொல்லித்தருபவர் ஹெலன். அவர் மறைத்த பொத்தானின் பெயர் டிரான்ஸ்போஸ். ஊரில் இசைக்குழுவில் வாசிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாடுகிறவருக்குச் சுருதி எட்டவில்லை என்றால், முறைப்படி வாசிப்பவன் விரல்களை வேறு கட்டைகளுக்கு மாற்றிக்கொண்டு வாசிக்க வேண்டும். இந்தப் பொத்தான் இருந்தால் அந்தக் கஷ்டமே இல்லை. அழுத்திவிட்டால் விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் மேலேயோ கீழேயோ போகும்.

"ஆண்டிறுதிப் பரீட்சையிலும் இப்படித்தான் ஒட்டியிருக்கும்" என்றார் ஹெலன். "பாட்டை எந்தச் சுருதியில் வாசிப்பது என்பதை அந்த இடத்தில்தான் சொல்வோம்."

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஐயோ என்று நான் ஆட்டியது.

இங்கிலாந்துக்கு வந்து ஒரு வருடம் நிறைகிறது. இலங்கையில் என் ஊரான மாத்தளையிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் குளிர் எப்படி என்றுதான் கேட்கிறார்கள். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது. ஜாக்கெட் போட முடியாத பயம் ஒன்று இந்த வருடம் முழுக்க என்னோடு இருந்தது. ஊரில் கேட்கிறவர்களுக்கு அதைத் தொலைபேசியில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான்தான். அப்பா மாத்தளை டவுனில் ஒரு மசாலாச் சரக்குக் கடையில் மூட்டை தூக்குகிறார். வீட்டுக்கு வந்தால் சட்டையில் கராம்பு மணக்கும். அம்மா கல்யாணத்துக்கு முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. பஸ் போர்டை வாசிக்க என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் கண்டிக்குப் போக வேண்டியவர்களைத் தம்புள்ளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வெளியே வேறு ஊர்கள் வந்துகொண்டிருந்தன. அம்மாவுக்குச் சந்தேகம். அப்பா அசையவில்லை.

"தம்பி வாசிச்சுத்தானே ஏறினோம். சும்மா இரு."

வழியில் நாலந்தா என்ற ஊரில் கண்டக்டர் இறக்கிவிட்ட பிறகுதான் நம்பினார். அப்போதும் என்னைத் திட்டவில்லை, போர்டை மாற்றாமல் விட்டதாக டிரைவரைத்தான் திட்டினார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கும்.

கீபோர்ட் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ரியாஸும் நானும் ஒரே வகுப்பு. அவனுடைய வாப்பாவுக்கு ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடும் கடை. கடையில் ஒரு கீபோர்ட் சும்மா கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய், கேட்ட பாட்டையெல்லாம் அதில் தேடுவேன். தேடியது எல்லாம் வெள்ளைக் கட்டைகளில். கறுப்புக் கட்டை தேவைப்பட்டால் அங்கங்கே ஒன்று, கறிக்கு உப்புப் போடுகிற மாதிரி. இடது கைக்கு வேறு உத்தியோகம். தாளப் பொத்தான்களை மாற்றும். மிச்ச நேரமெல்லாம் ஓரத்தில் இருக்கிற சின்னச் சக்கரத்தில் குடியிருக்கும். அந்தச் சக்கரத்தை மேலே தள்ளினால் சுரம் வழுக்கிக்கொண்டு ஏறும், நாதஸ்வரத்தில் இழைகிற மாதிரி. விட்டால் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். கோயில் பாட்டுக்கு அது இல்லாமல் முடியாது.

பிறகு ரியாஸ் ஒரு குழு கட்டினான். கோயில் திருவிழா, தமிழ்க் கல்யாணம், சிங்களக் கல்யாணம், எங்கே கூப்பிட்டாலும் போவோம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் சுருதி கேட்டு நிற்க மாட்டார். மைக் கைக்கு வந்தால் தொடங்கிவிடுவார். முதல் வரியைத் தாளம் இல்லாமல் தனியாக இழுப்பார். அந்த ஒரு வரிக்குள் நான் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தடவித் தடவி அவர் நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் டிரான்ஸ்போஸை அழுத்தி, வெள்ளைக் கட்டைகளுக்கு வந்துவிடலாம். அங்கே நான் ராஜா. தொடங்குவதற்கு முன் "எந்த ஸ்கேல்?" என்று பாடுகிறவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு. கேட்டால், "ஏன், ஒனக்குக் காது இல்லியா?" என்று மைக்கிலேயே கேட்டுவிடுவார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய வீடியோவையும் ரியாஸ்தான் பிடித்தான். பாட்டுக்குப் பாட்டு நான் பொத்தானை அழுத்துவது அதில் தெளிவாகத் தெரியும். ஒளிக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அது இல்லாமல் கீபோர்ட் வாசிக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்தச் சக்கரத்தில் என் இடது கை ஓடிய விதத்தைப் பார்த்துத்தான் என்னை எடுத்தோம் என்று ஹெலன் பிறகு சொன்னார். உதவித்தொகையோடு எடுத்தார்கள்.

3

இங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. 'மேடம்' என்றால் ஹெலனுக்குச் சிரிப்பு. அதனால் எதுவும் சொல்லாமல், அவர் என் பக்கம் திரும்பும்வரை நின்றுகொண்டிருப்பேன். ஒரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. நான் ஆழ்ந்து யோசிக்கும் பையன் என்று அவர் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாராம்.

டேப் ஒட்டிய அன்றே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாசிப்புப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறினால்தான் உதவித்தொகை தொடரும். அது நின்றால் படிப்பு நிற்கும். படிப்பு நின்றால் விசாவும் நிற்கும், ஊருக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "கவலைப்படாதீர்கள், பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள்" என்றார். அந்தப் பெரும்பாலானவர்களில் நான் இருக்கிறேனா என்று கேட்க எனக்கு ஆங்கிலம் இருந்தது. தைரியம்தான் இல்லை.

நான் தங்கியிருப்பது ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டு மேல் அறையில். வீட்டுக்காரி வசந்தி அக்கா. முதல் நாளே என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்.

"தம்பி, நீர் கதைக்கிறது படத்தில கதைக்கிற மாதிரி இருக்கு. 'வாறேங்க, போறேங்க' எண்டு."

"எங்க ஊர்ல அப்பிடித்தாங்க அக்கா."

"மாத்தளை எண்டா யாழ்ப்பாணம் போற வழியில வாறதெல்லே? நான் அந்த இடத்தில எப்பவும் நித்திரை. ஒருநாளும் கண்டதில்லை."

அவருக்கு ஆரணி என்று ஒரு மகள். ஐந்தாம் வகுப்பு. கீழே முன்னறையில் ஒரு பியானோ இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் ஒவ்வொரு சுருதியாக ஏறி இறங்குவாள், மாடிப்படி ஏறுகிற மாதிரி. தமிழில் கேட்டால் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். "இவளுக்குப் பியானோவில எல்லாம் வருது, அம்மம்மாவோட போனில ரெண்டு வசனம் வராது" என்று அக்கா கோபப்படுவார். கோபத்துக்குப் பின்னால் இருப்பது வேறு என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டில் பயந்துகொண்டிருக்கும் ஆள் நான் ஒருவன் மட்டும் இல்லை.

பரீட்சைக்காக என் அறையில் இருக்கும் கீபோர்டிலும் நானே டேப் ஒட்டினேன். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, ஒரே பாட்டை ஒவ்வொரு சுருதியாக மாற்றி வாசித்துப் பழகினேன். சிலது வந்தது. பி மேஜர் என்று ஒரு சுருதி இருக்கிறது, அது மட்டும் வரவே மாட்டேன் என்றது. அதில் ஐந்து கறுப்புக் கட்டைகள். விரல் ஒவ்வொரு முறையும் கறுப்பிலிருந்து வழுக்கி, பழகின வெள்ளையில் போய் விழும். ஒருநாள் ஹெட்போன் வயர் கழன்றதை நான் கவனிக்கவில்லை. வாசலில் ஆரணி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் என்னவோ கேட்டாள்.

"தமிழில கேள்!" என்று கீழேயிருந்து அக்காவின் சத்தம்.

ஆரணி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொற்களைத் தேடினாள்.

"மாமா... கறுப்பு... பயமா?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் கீழே ஓடிப்போய், பியானோவில் பி மேஜரை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினாள். அன்றிலிருந்து படியில் கண்டால் அதே கேள்விதான். "மாமா, கறுப்பு பயமா?" அவளுக்குச் சரளமாக வரும் தமிழ் வசனம் இப்போது அது ஒன்றுதான். அக்காவுக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

4

பரீட்சைக்கு முந்தின வாரம் ரியாஸ் கூப்பிட்டான். பின்னால் லொறியில் பெட்டி ஏற்றுகிற சத்தம் கேட்டது. பல்லேகமவில் ஒரு கல்யாணமாம்.

"புதுசா ஒரு பொடியன் வாசிக்கிறான் மச்சான். நல்ல பொடியன்தான். ஆனா பாடுற மனுசன்கிட்ட ஸ்கேல் கேட்டுட்டான்டா!"

"கேட்டா என்னடா? இங்க எல்லாரும் கேக்குறாங்க."

"அங்க கேப்பாங்க. இங்க மனுசன் மைக்க வச்சிட்டுப் போய் சோறு திண்டுட்டு ஈந்தாரு. நான் போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். சாப்பிட முடியவில்லை என்றேன்.

"லக்கலயில ஆனயப் பாத்தவன் நீ. ஒரு துண்டு டேப்புக்கா பயப்படுற?"

லக்கலப் பக்கம் நாங்கள் போனது ஒரு சிங்களக் கல்யாணத்துக்கு. ரத்தோட்டை தாண்டி, மலை ஏறி இறங்கி, பல்லேகமவும் தாண்டியாயிற்று. பொழுது சாய்கிற நேரம். ரியாஸ் லொறியின் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். அவன் மடியில் கல்யாண வீட்டுக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பு. நான் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில், கூடாரத் துணிக்குள். திடீரென்று லொறி நின்றது. என்ஜினும் நின்றது. துணியின் கிழிசல் வழியாகப் பார்த்தேன். பாதையில் யானை.

அந்தப் பாதையில் அப்படித்தான், என்ஜினை நிறுத்திவிட்டு யானை முடிவெடுக்கும்வரை சத்தமில்லாமல் இருக்க வேண்டும். எல்லாம் அமைதியானபோதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிரம்ஸின் பித்தளைத் தட்டு ஒன்று, கட்டின கயிறு தளர்ந்து, என் தலைக்குப் பக்கத்தில் மெதுவாக 'ஸ்ஸ்ஸ்' என்று அதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் அதன் இருபக்கமும் வைத்து அழுத்திப் பிடித்தேன். யானை லொறியின் பக்கவாட்டில் வந்தது. துணியின் மேல் தும்பிக்கை உரசிக்கொண்டு போவது தெரிந்தது. அது மூச்சு விட்டபோது துணி உள்ளே வந்து வெளியே போனது. என் கைக்குள் தட்டு நடுங்கியது. நடுங்கியது தட்டா, கையா என்று சொல்லத் தெரியவில்லை.

போய்விட்டது. காட்டுக்குள் கிளை முறிகிற சத்தம் தூரமாகப் போனது. டிரைவர் சாவியைத் தொட்டார்.

"என்ஜினப் போட்டுறாதீங்க" என்றான் ரியாஸ். "கொஞ்சம் இரிங்க. ஒண்டு போனா பின்னால இன்னொண்டு ஈக்கும்."

இருந்தது. முதலாவதைவிடப் பெரியது.

5

பரீட்சை அறையில் மூன்று பேர். ஹெலன், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து பரீட்சகராக வந்த கண்ணாடி போட்ட மனிதர், பாடுவதற்கு ஏமி. ஏமி எனக்கு மேல் வகுப்பு, பரீட்சைக்கு வருகிற எல்லோருக்கும் பாடிக்கொடுக்கிறவள். கீபோர்டின் மூலையில் டேப் இருந்தது. நான் லெப்டொப்பை இணைத்துவிட்டு, மின்சாரம் போகிற வயரைச் சுவர் வரைக்கும் கண்ணால் தொடர்ந்து போய், கதவுக்கு வெளியேயும் எட்டிப் பார்த்தேன்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்று ஹெலன் கேட்டார்.

"ஜெனரேட்டர்" என்றேன். ஊர்க் கச்சேரிப் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

முதல் பகுதி நானே செய்த இசை. மாத்தளை பஸ் நிலையத்தில் ரியாஸ் தொலைபேசியில் பதிந்து அனுப்பிய சத்தங்களை லெப்டொப்பில் வெட்டி ஒட்டித் தாளமாக்கியிருந்தேன். தம்புள்ளை பஸ் கண்டக்டர் கூவுகிற கூவலும் அதில் சுற்றிச் சுற்றி வரும். அதற்கு மேலே வாசித்தேன். அது பரவாயில்லாமல் போனது. இரண்டாவது, ஏமியோடு பழகி வைத்த பாட்டு. அதுவும் சரியாகப் போனது. மூன்றாவதுதான் அது. அதே பாட்டு, அவர்கள் சொல்கிற சுருதியில்.

கண்ணாடிக்காரர் மேசையில் கையைக் கோத்துக்கொண்டு சொன்னார்.

"பி மேஜர்."

கட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. வாசிப்பவன்தான் முதலில் முன்னிசை வாசித்துப் பாடகிக்குச் சுருதி கொடுக்க வேண்டும், அது இங்கே முறை. எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் நான் இங்கே இல்லை. ஏமியைப் பார்த்துச் சொன்னேன்:

"நீங்க ஆரம்பிங்க."

தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். ஏமி புருவத்தைத் தூக்கினாள்.

"சுருதி?"

"பரவாயில்லை. ஆரம்பியுங்கள்."

அவள் நல்லவள். ஒருமுறை மூச்சை இழுத்து, எங்கேயோ ஓரிடத்தில் கால் வைத்துப் பாடத் தொடங்கினாள். என் கை தானாகவே சத்தத்தைக் குறைத்தது. ஒற்றை விரல் தடவியது. இது இல்லை, இதுவும் இல்லை, இது. பிடித்துவிட்டேன். இடது கை பொத்தானுக்குப் போனது. விரல் நுனியில் டேப் பட்டது, வழுவழுவென்று. ஊரில் அந்த இடத்தில்தான் பயம் முடியும். இங்கே அந்த இடத்தில்தான் தொடங்கியது. பொத்தான் இல்லை. அவள் நிற்கிற இடத்திலேயே நானும் நிற்க வேண்டும். இடது கை ஒரு நீண்ட அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது வரியில் வலது கை சேர்ந்தது. கறுப்பும் வெள்ளையுமாக எதை மிதித்தேன் என்று பார்க்கவில்லை. அவளுடைய குரல் போகிற இடத்துக்கெல்லாம் பின்னால் போனேன். பாட்டு முடிந்தது. ஏமி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை.

"நீங்கள் வாசித்தது பி பிளாட். நாங்கள் கேட்டது பி."

ஒரு கட்டை கீழே நின்றிருக்கிறேன்.

"பாடகிக்கு ஏன் சுருதி கொடுக்கவில்லை?"

"எங்கள் ஊரில் பாடுகிறவர்தான் முதலில். சுருதி கேட்டால் மரியாதை இல்லை." எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரித்தான் ஆங்கிலம் வந்தது. "ஏமி அங்கே நின்றார். அதனால் நான் அங்கே போனேன்."

அவரும் ஹெலனும் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டார்கள். அலுவலகப் பெண்ணின் குரல் எனக்குள் ஓடியது. உதவித்தொகை, படிப்பு, விசா. அப்பா முன்வாசலில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குக் கடை வேலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தம்பிக்குப் பரீட்சை என்று முதலாளியிடம் சொன்னாராம். 'பரீட்சை அவனுக்குத்தானே, ஒனக்கு என்ன லீவு?' என்று முதலாளி கேட்டாராம்.

"மறுபடி ஒருமுறை" என்றார் ஹெலன். "இந்த முறை நீங்கள் முதலில். பி மேஜர்."

இனித் தப்ப வழியில்லை. நான்கைந்து சுரங்கள் மட்டும் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மெதுவாக முன்னிசையைத் தொடங்கினேன். முதல் சுரம் சரி. இரண்டாவது கறுப்பு, சரி. மூன்றாவதும் சரி. ஆதாரச் சுரத்துக்கு ஒரு படி முன்னால், மேல் அறையில் எப்போதும் விழுகிற அதே இடத்தில், விரல் கறுப்பிலிருந்து வழுக்கி வெள்ளையில் விழுந்தது.

தவறான சுரம் அறை முழுக்கக் கேட்டது.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இடது கை ஏற்கெனவே சக்கரத்தில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை. சக்கரத்தை மேலே தள்ளியது. தவறான சுரம் அழுகிற மாதிரி இழைந்து ஏறி, சரியான இடத்தில் போய் நின்றது. அடுத்த கட்டைக்கு விரல் போனது, சக்கரத்தை விட்டேன். ஏமி பாடத் தொடங்கினாள். இந்த முறை பி மேஜரில். அந்தப் பாட்டை எப்படி முடித்தேன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கண்ணாடிக்காரர் முன்னால் சாய்ந்தார்.

"முன்னிசையில் ஒரு வழுக்கல் வந்ததே, அது வேண்டுமென்றே செய்ததா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பொய் சொல்லவும் ஆங்கிலம் வேண்டும், அந்த நேரத்தில் அது என்னிடம் இல்லை.

"இல்லை சார். விரல் தவறிவிட்டது. கை திருத்தியது."

அவர் கீபோர்டின் மூலையையே பார்த்தார்.

"அந்தச் சக்கரத்துக்கு நாங்கள் டேப் ஒட்டவில்லை" என்றார் ஹெலன், அவரிடம்.

வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. குனிந்து பார்த்தபோது, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் தட்டு எதுவும் இல்லை. ஆனாலும் கையை எடுக்கப் பயமாக இருந்தது.

6

தேறிவிட்டேன். ஓரத்தில் தொட்டுக்கொண்டு தேறினேன் என்று ஹெலன் சொன்னார். கேட்கத் தெரிந்த காது, நடக்கத் தெரியாத விரல் என்று கண்ணாடிக்காரர் சொன்னாராம். நான் நன்றி சொல்லிவிட்டுக் கதவை நோக்கிப் போனேன். முதல்முறையாக, "நன்றி, ஹெலன்" என்று பெயரும் வந்துவிட்டது. அவர் என்னை நிறுத்தினார்.

"விடுமுறையில் பழகிக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடப் பரீட்சை பியானோவில்."

"இந்தக் கீபோர்டில் இல்லையா?"

"இல்லை. அதில் பொத்தானும் கிடையாது, சக்கரமும் கிடையாது. நான் டேப் ஒட்டவே தேவையில்லை" என்று சிரித்தார்.

வீட்டுக்குப் பேசினேன். முதல் ரிங்கிலேயே அப்பா எடுத்தார்.

"என்னாச்சு தம்பி?"

"தேறிட்டேம்பா."

"அப்ப நாலந்தாவுல எறங்கத் தேவயில்ல" என்றார். பின்னால் அம்மா அழுவதும், அழுதுகொண்டே "சாப்பிட்டியான்னு கேளுங்க" என்று சொல்வதும் கேட்டது. பியானோவைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை.

ரியாஸிடம் சொன்னேன். முதலில் கத்தினான். லொறியில் இருந்த எல்லோருக்கும் சொல்லிக் கத்தினான். பிறகு பியானோ விஷயத்தைச் சொன்னேன்.

"அதுல சக்கரமும் இல்லியா?"

"இல்லடா."

"அப்ப என்ஜினப் போட்டுறாத மச்சான்" என்றான். "கொஞ்சம் இரி."

மாலையில் கீழே இறங்கினேன். வசந்தி அக்கா அடுப்படியில் இருந்தார். முன்னறையில் யாரும் இல்லை. ஒரு வருடமாக அந்தப் பியானோவைக் கடந்து போயிருக்கிறேன், தொட்டதில்லை. உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். படியில் ஆரணி வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். கேள்வியைக் கேட்கவில்லை, வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

வலது கையின் ஒற்றை விரலால் ஒரு கட்டையைத் தொட்டேன். இடது கை பழக்கத்தில் ஓரத்துக்குப் போனது. அங்கே மரம் மட்டும்தான் இருந்தது.